இந்த மாதம் பார்த்த படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஒரு மாதத்துக்குள் நான் பார்த்து முடித்த படங்களின் பெயர்களைச் சென்ற இதழில் வெளியிட்டு, அவற்றைப் பற்றிக் கேட்க விரும்புவோர் எழுதலாம் என்று அறிவித்திருந்தேன். வந்த கடிதங்களில் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கி, நீண்டவற்றைச் சுருக்கி, இங்கே பதில் எழுதுகிறேன்.

பார்த்தவற்றுள் மனதை விட்டு அகலாமல் நிற்கும் படம் எது?
– ஓர் ஆசிரியை, கோண்டாவில்

பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. 2024இல் வெளிவந்த படத்தைப் பிந்தித்தான் பார்த்தேன். பார்த்த வாரத்திலேயே இரண்டாந் தடவையும் பார்த்தேன். வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று முடிவுகட்டிய உறவினர்கள், அவளை முச்சக்கரவண்டியில் ஏற்றி, ஆண்கள் மோட்டார் சைக்கிள்களில் கூடவர, பேயோட்டும் ஒருவரிடம் கொண்டுபோகிறார்கள். கதை இவ்வளவுதான். படம் முழுவதிலும் பின்னணி இசை கிடையாது. எங்கே அழவேண்டும், எங்கே பயப்படவேண்டும் என்று இசை முந்திவந்து சொல்லித் தந்தே பழகிய காதுக்கு முதற் பத்து நிமிடமும் அந்தரமாக இருந்தது. அதன்பிறகு வண்டியின் இரைச்சலும், வெளியே வீசும் காற்றும், கூடவே கொண்டுபோகும் சேவலின் சிறகடிப்பும் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின.

மீனாவை மணக்கவிருக்கும் பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, கரகரத்த குரலில் அவன் எல்லோரையும் அதட்டுகிறான். அதட்டப்படுகிற மீனாவோ வாய் திறப்பதே அரிது. இவ்வளவு காலமும் சிரிக்க வைத்த சூரி அந்த உடைந்த குரலுக்குள் கோபத்தையும் தோல்வியையும் ஒன்றாக வைத்திருக்கிறார். அன்னா பென் தம் பங்கை ஏறக்குறைய முழுவதும் பார்வையாலேயே நடித்து முடிக்கிறார். வழியில் ஒரு மாடு வீதியை மறித்து நிற்க, அத்தனை ஆண்களும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். ஒரு சிறுமி வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்தக் காட்சிக்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

மதுரைப் பக்கத்துக் கதை எங்களுக்கு என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். காதலித்த பிள்ளைக்கு 'ஆரோ செய்வினை செய்துபோட்டினம்' என்று சொல்லி நூல் கட்டுவித்த வீடுகள் எங்கள் ஊர்களிலும் இருந்ததை நான் அவருக்கு நினைவுபடுத்தினேன். பாண்டி கடைசியில் என்ன முடிவெடுப்பான் என்பதைப் படம் சொல்லாமல் விட்டதைச் சிலர் குறையாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை; அந்த இடத்தில் பதில் சொல்லவேண்டியவர்கள் மீனாவைச் சூழ்ந்து நின்ற எல்லோருந்தான்.

'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தை யாழ்ப்பாணத்தில் பலர் கொண்டாடினார்கள். எங்கள் தமிழை அவர்கள் சரியாகப் பேசியிருக்கிறார்களா?
– ஒரு மாணவர், நெல்லியடி

இந்தக் கேள்வியை மட்டும் ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொருளாதார நெருக்கடியில் நாட்டைவிட்டுப் படகேறிய ஒரு குடும்பம், இராமேஸ்வரத்தில் கரையிறங்கி, தாங்கள் யார் என்பதை மறைத்துக்கொண்டு சென்னையின் ஒரு குடியிருப்பில் வாழ்கிற கதை. 2025இல் வந்த இப்படம் அபிஷன் ஜீவிந்தின் முதற்படம். ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாத அயலவர்களைச் சேர்த்து, சசிகுமாரின் தர்மதாஸ் ஒரு செத்தவீட்டை அதற்குரிய மரியாதையோடு நடத்திவைக்கும் பகுதியில் நான் அழுதேன். செத்தவீட்டுக்கு அழைப்பை எதிர்பாராமல் போய் நிற்பது எங்கள் ஊரின் பழக்கம். அதை இன்னொரு ஊரின் நெறியாளர் கவனித்து எழுதியிருப்பது சிறிய காரியம் அன்று. கையில் துப்பாக்கியும் கண்ணில் கண்ணீரும் இல்லாத ஈழத்துத் தமிழர்களைத் தமிழ்நாட்டு வெள்ளித்திரையில் காண்பது அரிது என்பதால், அந்தக் கொண்டாட்டம் எனக்கு நன்றாக விளங்குகிறது.

ஆனால் நீங்கள் கேட்டது மொழியைப் பற்றி. 'கதைக்கிறது', 'வடிவு', 'கெதியா' என்ற சொற்களை வசனத்தில் தூவிவிட்டால் அது யாழ்ப்பாணத் தமிழ் ஆகிவிடாது. இது, அது என்ற இரண்டுக்கும் நடுவில் எங்களிடம் 'உது' என்று ஒன்று இருக்கிறது. கேட்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளைச் சுட்டுகிற பழந்தமிழ்ச் சொல் அது. தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்துபோக, எங்கள் குசினிகளில் இன்றைக்கும் நாளுக்கு நூறு தடவை ஒலிக்கிறது. அடுப்படியில் நிற்கும் தாய், விறாந்தையில் இருக்கும் பிள்ளையின் கையில் கத்தியைக் கண்டு 'உதைக் கீழை வை' என்கிறபோது, அந்த உகரத்துக்குள் இரண்டு பேருக்கும் இடையே உள்ள தூரமும் அடங்கிவிடுகிறது. அதேபோல 'வெற்றி', 'காற்று' முதலிய சொற்களில் வரும் றகர இரட்டையை நாங்கள் நுனிநாக்கை மேற்பல் முரசில் அழுத்தி ஒலிக்கிறோம். தமிழ்நாட்டில் அது 'ட்ர' என்று பிரிந்து கேட்கும். மலையாளத்தில் எங்களுடையதைப் போன்ற ஒலி இருப்பதும், நாங்கள் தமிழ்நாட்டுக்குப் போனால் 'நீங்கள் கேரளாவா?' என்று கேட்கப்படுவதற்கு ஒரு காரணம்.

இந்த நுட்பங்களைப் படம் சில இடங்களில் பிடிக்கிறது, பல இடங்களில் விட்டுவிடுகிறது. உணர்ச்சி மேலிடும் காட்சிகளில் நடிகர்களின் சொந்த ஊர் பேச்சுக்குள் வந்து நிற்கிறது. படப்பிடிப்பு நடந்த நாட்கள் முழுவதும் வடமராட்சியிலோ தீவகத்திலோ பிறந்து வளர்ந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்திருந்தால் இதைத் திருத்தியிருக்கலாம். ஊடகங்களில் எங்கள் பேச்சைக் கேலிக்கு எடுத்த காலத்தை நினைக்கும்போது, இது அன்போடு செய்யப்பட்ட முயற்சி என்பதை நான் மறுக்கமாட்டேன். அன்பு இருக்கிற இடத்தில் இன்னும் கொஞ்சம் உழைப்பைக் கேட்பதற்கு எங்களுக்கு உரிமை உண்டு.

அப்படியானால் 'தீபன்'?
– ஒரு வாசகர், வேலணை

2015இல் கான் திரைப்பட விழாவின் உயர்விருதான தங்கப் பனையைப் பெற்ற படம். பிரெஞ்சு நெறியாளர் ஜாக் ஓடியார் தமிழ் அறியாதவர். ஆனால் தீபனாக நடித்த அன்ரனிதாசன் யேசுதாசன், ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதும் அல்லைப்பிட்டிக்காரர். ஆகவே வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் வந்த இடத்தின் மணலோடு வருகிறது. இறந்துபோனவர்களின் கடவுச்சீட்டுகளை வைத்துக்கொண்டு, முன்பின் அறியாத மூவர் ஒரு குடும்பமாக நடிக்கிற முதற்பாதி எனக்கு இன்றும் பெரிது. துப்பாக்கிச் சண்டையாக முடிகிற கடைசிப் பகுதியைப் பத்து வருடங்களுக்குப் பிறகு பார்த்தபோதும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் 'பொன்மணி'யைத் திரும்பப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். நான் அந்தக் காலத்தில் பார்த்தவன். பாதியில் எழுந்து போனவர்களில் ஒருவன். நான் எதைத் தவறவிட்டேன்?
– ஓய்வுபெற்ற தபாலதிபர், சாவகச்சேரி

உங்கள் கடிதத்தின் நேர்மை என்னைத் தொட்டது, ஐயா. எழுந்து போனவர் நீங்கள் மட்டுமல்ல. அந்தப் படத்துக்கு அக்காலத்தில் வரவேற்புக் கிடைக்கவில்லை. பாட்டும் சண்டையும் நீண்ட வசனங்களுமாக வந்த தென்னிந்தியப் படங்களுக்குப் பழகியிருந்த நாங்கள், வேறொன்று வந்தபோது அதைப் படமென்றே எண்ணவில்லை.

அதை நெறியாண்ட தர்மசேன பத்திராஜ சிங்களவர். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர். காவலூர் இராசதுரையின் எழுத்தை எடுத்துக்கொண்டு, எங்கள் வீடுகளுக்குள் சீதனமும் சாதியும் பெண்பிள்ளைகளை என்ன செய்கின்றன என்பதை எங்களுக்கே காட்டினார். இப்போது பார்க்கும்போது என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய கமெராவின் பொறுமை. வேலியும் ஒழுங்கையும் முற்றமும் கதைக்குப் பின்னால் தொங்கும் சீலைகளாக இல்லாமல், அந்தப் பெண்களைச் சுற்றி நிற்கும் சுவர்களாக இருக்கின்றன. பேச்சு வேகமாக ஓடாது. கேள்விக்குப் பதில் வருமுன் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைத்தான் அன்று நாங்கள் 'இழுவை' என்றோம். எங்கள் வீடுகளில் அப்பா கேட்கும் கேள்விக்குப் பிள்ளைகள் எப்படிப் பதில் சொன்னோம் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் பார்த்த பிரதி மிகவும் பழுதானது. கீறல்களும் ஒலியில் இரைச்சலும் இருந்தன. எங்கள் நாட்டுத் தமிழ்ப் படங்கள் மொத்தத்தில் மிகச் சில. அவற்றிலும் பல இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. செங்கை ஆழியானின் நாவலை வைத்து பிறேம்நாத் மொறாயஸ் நெறியாண்ட 'வாடைக்காற்று' (1978), கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' (1972) ஆகியவற்றை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் பெயராலாவது அறிவார்கள்? 1983 யூலைக் கலவரத்தில் படத்தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது அழிந்தது ஒரு தனி மனிதரின் சொத்து மட்டுமல்ல. இத்தனைக்கும் இந்த நாட்டின் முதலாவது சிங்களப் பேசும் படத்தை 1947இல் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். 'பொன்மணி'யைப் பார்த்த காலத்தின் நோட்டீஸோ ரிக்கற்றோ உங்களிடம் இருந்தால், தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

என் பிள்ளைகள் மூவரும் கனடாவில். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மனதுக்கு இதமாக ஒரு படம் சொல்லுங்கள்.
– ஒரு தாய், மானிப்பாய்

அம்மா, இதமான படமா என்று என்னால் உறுதிசொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கென்றே எடுத்தது போன்ற ஒன்றை இம்மாதம் மறுபடியும் பார்த்தேன். ஜப்பானிய நெறியாளர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ கதை', 1953இல் வந்தது. ஒனோமிச்சி என்ற கரையோர ஊரில் வாழும் முதிய தம்பதியர், தலைநகரில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். தொடக்கத்தில் இருவரும் பயணப்பை அடுக்குகிறார்கள். காற்றடைத்த சிறு தலையணையைக் காணவில்லை. 'உங்களிடந்தானே தந்தேன்' என்று மனைவி சொல்ல, 'இல்லை' என்று கிழவர் மறுத்துத் தேடி, கடைசியில் தம்முடைய பைக்குள்ளேயே கண்டெடுக்கிறார். சண்டையுமில்லை, சிரிப்புமில்லை. நாற்பது வருட வாழ்க்கை அந்த ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது.

டோக்கியோவில் மூத்த மகன் வைத்தியர், மகள் சிகையலங்கார நிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் நேரமில்லை. கெட்ட பிள்ளைகளும் இல்லை. அதுதான் இந்தப் படத்தின் வலி. பெற்றோரை ஒரு வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே இரவிரவாக மற்றவர்கள் போடும் சத்தத்தில் இருவருக்கும் நித்திரை இல்லை. வேலையில் விடுப்பெடுத்து அவர்களைக் கூட்டிச்சென்று ஊர் காட்டுகிறவள், போரில் காணாமற்போன மகனின் மனைவி நொரிகோ. போரில் காணாமற்போனவரின் மனைவி என்று எழுதும்போது, எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த எத்தனையோ முகங்கள் முன்னே வருகின்றன. பின்னர் தாய் நோயுற்றாள் என்ற தந்தி வந்து, பிள்ளைகள் ஊருக்குப் புறப்படும்போது, துக்க உடையையும் எடுத்துக்கொண்டு போவோமா என்று மகள் கேட்கிறாள். அந்த இடத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் முற்றத்தில் நின்றேன்.

கமெரா பாயில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் கீழே இருந்துகொண்டு அசையாமல் பார்க்கிறது. எங்கள் வீட்டு விறாந்தையில் சப்பாணி கட்டியிருந்து பார்ப்பதுபோல இருக்கும். வசனம் ஜப்பானிய மொழியில். உபதலைப்பை வாசிக்கச் சிரமமென்றால் பேரப்பிள்ளை வரும்போது சேர்ந்திருந்து பாருங்கள். தனியே பார்க்கவேண்டாம் என்பதே என் கருத்து.

'மெய்யழகன்' மிக நீளம் என்கிறார்கள். உங்கள் எண்ணம்?
– ஒரு வாசகர், தெல்லிப்பழை

நீளந்தான். வெளிவந்தபின் நெறியாளர் ச. பிரேம்குமாரே ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து வெளியேறிய அருள்மொழி, இருபது வருடங்களுக்கும் மேலாகிய பின் ஒரு கலியாணத்துக்காகத் திரும்பிவருகிறான். தன்னை 'அத்தான், அத்தான்' என்று கொண்டாடுகிற மனிதனின் பெயர் அவனுக்கு நினைவில்லை. அதைக் கேட்கவும் வெட்கம். அரவிந்த்சாமியின் முகத்தில் அந்த வெட்கம் ஓர் இரவு முழுவதும் இருக்கிறது. கார்த்தியின் பேச்சு சில இடங்களில் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறும் தொடக்கக் காட்சியை எங்களால் வேறு ஊர்க்கதையாகப் பார்க்க முடியாது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து செம்மணி வீதியால் நடந்தது. நீங்களும் அதற்கு முன்பே வீட்டைவிட்டுப் புறப்பட்ட ஊரவர். திரும்பிவந்து பார்த்தபோது பெயர் மறந்துபோன அயலவர் ஒருவர் உங்களைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டிருந்தால், அந்தப் படம் நீளமா இல்லையா என்பதை நீங்களே எனக்கு எழுதுங்கள்.

சிங்களப் படங்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். நாங்கள் ஏன் பார்க்கவேண்டும்?
– பெயர் எழுதாத வாசகர், வவுனியா

நல்ல படம் என்பதற்காகப் பார்க்கவேண்டும். பிரசன்ன விதானகேயின் 'ஒப நெத்துவ ஒப எக்க' (2012) படத்தில், மலைநாட்டில் அடகுக்கடை நடத்தும் சிங்களவரிடம் நகை அடகுவைக்க வருகிறாள் வடக்கிலிருந்து போன செல்வி. தாஸ்தயேவ்ஸ்கியின் சிறுகதையைத் தழுவியது. அடகுக்கடை மேசையில் ஒருவர் நகையை நிறுக்க, மறுபக்கத்தில் நிற்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மௌனம் எங்களில் யாருக்குத் தெரியாது? திருமணத்தின் பிறகே, கணவன் முன்பு இராணுவத்தில் இருந்தவன் என்பது அவளுக்குத் தெரியவருகிறது. அஞ்சலி பாட்டீலும் ஷியாம் பெர்னாண்டோவும் ஒரே அறைக்குள் இருந்துகொண்டு இரண்டு நாடுகளாக இருக்கிறார்கள். இப்படத்தை 2014இல் சென்னையில் திரையிடவிடாமல் மிரட்டினார்கள். எங்கள் பக்கம் நின்று பேசுவதாக எண்ணியவர்கள், எங்கள் துயரத்தை மதித்து ஒரு சிங்களவர் எடுத்த படத்தையே தடுத்தது எனக்கு இன்றும் வருத்தம்.

அவருடைய 'பரடைஸ்' (2023) 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது இங்கே சுற்றுலா வரும் ஒரு மலையாளத் தம்பதியரின் கதை. நேர்த்தியான படம், ஆனால் முன்னையதைப் போல என்னை உலுக்கவில்லை.

கைத்தொலைபேசியில் பார்ப்பது படம் பார்ப்பதாகுமா?
– ஒரு வாசகி, சுன்னாகம்

ஆகும். திரையரங்கு மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எங்கள் தலைமுறை எத்தனையோ படங்களை முதலில் இலங்கை வானொலியின் ஒலிச்சித்திரமாகக் காதால் கேட்டே அறிந்தது. எண்பதுகளில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கை முழுவதும் ஒரு முற்றத்தில் பாய்விரித்து, விடிய விடிய நான்கு படம் பார்த்தோம். திரை சிறிதென்று அன்று யாரும் முறையிடவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும்: காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். சென்ற வாரம் நகரத்துத் திரையரங்கொன்றில் ஒலியைக் காது கிழியும் அளவுக்கு வைத்திருந்தார்கள். மெதுவான வசனம் ஒன்றுமே விளங்கவில்லை. 'கொட்டுக்காளி'யை அந்த மண்டபத்தில் பார்ப்பதிலும் பார்க்க, உங்கள் கட்டிலில் இருந்து நல்ல ஹெட்போனோடு பார்ப்பது மேல்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பதினைந்து நிமிடக் குறும்படம் எடுக்கப்போகிறோம். 2015 முதல் இங்கே நடந்துவரும் யாழ்ப்பாணச் சர்வதேச சினிமா விழாவுக்கு ஒரு நாள் அனுப்பவேண்டும் என்பது ஆசை. எங்களிடம் உள்ளது ஒரு கைத்தொலைபேசியும் இரவல் கமெராவும். எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும்?
– இளைஞர்கள், பருத்தித்துறை

ஒலிவாங்கிக்கு. படத்தில் சிறிது மங்கல் இருந்தாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்காவிட்டால் எழுந்துவிடுவார். உங்கள் ஊரில் கடற்காற்று எந்நேரமும் அடிக்கும். ஒலிவாங்கிக்குப் பஞ்சுறை போடாவிட்டால் பதிவு முழுவதும் 'புஸ்' என்றிருக்கும். படப்பிடிப்பு முடிந்தபின் நடிகர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதே இடத்தில் யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் சூழல் ஒலியை மட்டும் பதிந்துகொள்ளுங்கள்; தொகுப்பில் வெட்டுகளை மூட அது உதவும். பின்னணி இசையைக் கடைசியில் யோசியுங்கள். வசனத்தை எழுதியவர் ஒருமுறை சத்தமாக வாசிக்க, வீட்டிலுள்ள அம்மம்மா பக்கத்தில் இருந்து கேட்கட்டும். 'உப்பிடி ஆரும் கதைக்கிறதே?' என்று அவர் கேட்கிற இடங்களைக் கோடிட்டுத் திரும்ப எழுதுங்கள். எடுத்து முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.